அறுபத்து மூன்றாம் பக்கம்

கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஏழெட்டுப் பிள்ளைகள் மூக்கை அழுத்திக்கொண்டு நிற்கிறார்கள். மணி பத்தாகி இரண்டு நிமிடம் ஆகிவிட்டது. உள்ளே, சிறுவர் பிரிவின் நட்டநடுவில், ஐந்து வயதுப் பிள்ளைக்கென்று செய்த முக்காலியில் ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி ஒருவர் முழங்கால்கள் மார்பை முட்ட உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டிருக்கிறார். வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அவர் நிமிர்வதில்லை. இடது கையை மட்டும் உயர்த்தி மூன்று விரல்களைக் காட்டுகிறார். இன்னும் மூன்று பக்கம் என்று அர்த்தம். பிள்ளைகளுக்கு இது பழக்கம்தான். ஒவ்வொரு தாள் புரளும்போதும் வெளியிலிருந்தே எண்ணிக் குறைக்கிறார்கள். கடைசிப் பக்கம் முடிந்ததும் பின்னட்டையை உள்ளங்கையால் ஒரு தட்டு. அதன் பிறகு நூலக முத்திரை, அதற்கும் பிறகுதான் கதவு.

புதிதாக வந்த புத்தகம் எதுவானாலும், தாம் முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிக்காமல் அலமாரி ஏற்றுவதில்லை என்பது இவர் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட சட்டம். இந்த நகர நூலகத்தில் இருபத்தேழு வருடமாக நடக்கிறது. யாரும் சொல்லவில்லை, யாரும் சம்பளம் கூட்டித் தரவுமில்லை. கதைப் புத்தகம் என்றால் சரி, ஆசையாகப் படிக்கலாம். பெருக்கல் வாய்ப்பாட்டையும் விடமாட்டார். மண்புழுவைப் பற்றி ஒருமுறை தடித்த புத்தகம் ஒன்று வந்தது. "புழுவுக்கு நூத்தி நாப்பது பக்கம். எழுதினவரு பொறுமைசாலிதான். ஆனா என்னளவுக்கு இல்ல," என்று சொல்லிக்கொண்டே மூன்று காலையில் அதையும் முடித்தார்.

பிள்ளைகள் வைத்த பெயர் முழுசாம்மா. காரணம் இல்லாமல் வைக்கவில்லை. படித்த புத்தகம் பிடிக்கவில்லை என்று எந்தப் பிள்ளை வந்து உதட்டைப் பிதுக்கினாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "முழுசா படிச்சியா?" பெரியவர்கள் வந்து இந்தப் புத்தகம் ஆகாது, அந்தப் புத்தகம் கூடாது என்று குறைப்பட்டாலும் அதே கேள்விதான், மரியாதை மட்டும் கூடும். "முழுசா படிச்சீங்களா?" பதில் இழுத்தால், ஜன்னலோர நாற்காலியை இழுத்துப் போட்டு, விசிறியைத் திருப்பி வைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து உட்காரவைத்துவிடுவார். சண்டைக்கு வந்த பாதிப் பேர் இருபதாம் பக்கத்துக்குள் சண்டையை மறந்துவிடுவார்கள். கோபத்தோடு வந்த ஒரு தாத்தா, இரண்டாம் பாகம் எப்போது வரும் என்று கேட்டுவிட்டுப் போனதும் உண்டு.

கொண்டையில் எப்போதும் ஒரு பென்சில் செருகியிருக்கும். மணிக்கட்டில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம். மேசை இழுப்பறையில் ஒரு டப்பா, அதற்குள் காய்ந்த ரொட்டித் துண்டுகள். பசிக்கு வைத்திருக்கிறார் என்று நினைத்து ஒன்றை எடுத்துத் தின்றுவிடாதீர்கள். கணவருக்குப் பேக்கரியில் அடுப்படி வேலை. மீந்த ரொட்டியின் மெத்தென்ற நடுப்பாகத்தை அவர் எடுத்துவந்து கொடுக்க, இவர் அதை உருட்டிப் பென்சில் எழுத்தை அழிக்கிறார். "ரப்பர் போட்டா அட்டை உரிஞ்சுடுங்க. ரொட்டி நோகாம அழிக்கும்."

எந்த அட்டை என்றால், அதுதான் இவருடைய உண்மையான உத்தியோகம். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு காகித உறை. அதற்குள் மஞ்சள் அட்டை ஒன்று. புத்தகத்தைப் படித்து முடித்த கையோடு, உள்ளே என்ன காத்திருக்கிறது என்று பென்சிலால் எழுதி வைத்துவிடுவார். "பக்கம் 18: நாய் செத்துவிடும். பக்கம் 31-இல் கொஞ்சம் தேறிக்கொள்ளலாம்." "பக்கம் 9 முதல் பேய். பகலில் படி." "பக்கம் 52: அண்ணன் தங்கையை அடிக்கிறான். அவன் செய்வது தப்பு என்று கதைக்கும் தெரியும், பொறுமையாகப் படி." "சிரிப்பு வரும். வாயில் தண்ணீர் வைத்துக்கொண்டு படிக்காதே."

பேனாவால் எழுதலாமே என்று ஒருவர் கேட்டதற்கு, "நாளைக்கு மறுபடி படிச்சா எனக்கே வேற மாதிரி தோணும். பேனான்னா அப்புறம் வீம்பா அதையே பிடிச்சுட்டு நிக்கணும்," என்றார்.

பிள்ளைகள் இந்த அட்டைகளை விட்டுவைப்பார்களா. இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி "அழுகை வரும்" என்று எழுதியிருக்கிற புத்தகமாகத் தேடித் தேடி எடுத்துப் போவாள். பேய் உண்டா என்று மட்டும் பார்த்துவிட்டு, உண்டு என்றால் ஓடியும், இல்லை என்றால் ஏமாந்தும் போகிற கூட்டம் ஒன்று உண்டு. அட்டைகளை மட்டும் படித்துவிட்டு நூலகத்தையே படித்துவிட்டதாக வீட்டில் சொல்லிக்கொள்ளும் சாமர்த்தியசாலிகளும் உண்டு. முழுசாம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. "அட்டையாவது படிக்குதே," என்பார்.

அட்டை எழுதும் வழக்கத்தைத் தொடங்கிவைத்தது அவருடைய மகள். இப்போது மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள், அப்போது எட்டு வயது. அம்மா கொண்டுவந்த கதைப் புத்தகத்தில் நாய் செத்துப்போனது. பெண் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இனிமேல் இந்த மாதிரிப் புத்தகமே கொண்டுவரமாட்டேன் என்று அம்மா சமாதானம் பேசப் போக, மகள் இன்னும் கோபித்துக்கொண்டாள். "நான் எப்பம்மா வேணாம்னு சொன்னேன். முன்னாடியே சொல்லியிருந்தா மனசைத் தயார் பண்ணிட்டுப் படிச்சிருப்பேன்ல." மறைப்பது வேறு, சொல்லிவிட்டுக் கொடுப்பது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. மறுநாள் முதல் அட்டை எழுதப்பட்டது. எட்டு வயதுப் பெண்ணிடம் பாடம் கேட்டதில் இவருக்குக் கூச்சம் கிடையாது, பெருமைதான்.

இந்த அட்டைகள்தான் போன வருடம் இவரைக் குப்புறத் தள்ளப் பார்த்தன.

நூலகத்தின் மாடியில் உட்காருகிற அதிகாரிக்குப் பார்ப்போம் சார் என்று பெயர். எதைக் கேட்டாலும் பார்ப்போம் என்பார். கெட்டவர் அல்லர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கிறது, அதுவரை எதுவும் நடக்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிற நல்லவர். மாடியை விட்டு இறங்காத அவர் ஒரு பிற்பகல் கையில் ஒரு காகிதக் கட்டோடு சிறுவர் பிரிவுக்கு இறங்கி வந்தார். பெற்றோர் சங்கம் ஒன்று மனு கொடுத்திருக்கிறது. சிறுவர் பிரிவில் இருக்கக் கூடாத புத்தகங்கள் என்று ஒன்பது. கீழே இருநூற்றுப் பன்னிரண்டு கையெழுத்து. மூன்று வாரம் கழித்து விசாரணைக் குழு கூடும், அதுவரை ஒன்பதையும் அலமாரியிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு.

"பார்ப்போம்னு சொல்ல மாட்டீங்களா சார்?" என்று கேட்டார் முழுசாம்மா.

"சொல்லிப் பார்த்தேம்மா. இந்தத் தடவை எடுபடல."

உத்தரவு உத்தரவுதான். தம் கையாலேயே ஒன்பதையும் எடுத்து இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். ஆனால் அலமாரியில் விழுந்த இடைவெளிகளை மற்றப் புத்தகங்களை நகர்த்தி அடைக்கவில்லை. பக்கத்துப் புத்தகங்கள் சாய்ந்து விழுந்தாலும் நிமிர்த்தி வைத்து, இடைவெளியை இடைவெளியாகவே விட்டார். ஒன்பது பல் விழுந்த வாயாக அலமாரி இளித்துக்கொண்டு நின்றது. பார்க்க நன்றாக இல்லையே என்று பார்ப்போம் சார் தயங்கியபோது, "போனவங்க திரும்பி வந்தா உக்கார இடம் வேணும்ல சார்," என்றார்.

மனுவின் நகலை அன்று சாயங்காலம் வீட்டுக்கு எடுத்துப்போய்ச் சமையலறை மேசையில் விரித்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் எதிரே ஒரு பக்க எண், ஆட்சேபத்துக்குரிய பகுதி என்று ஒரு வரி. முதல் வரியைப் படித்தார். எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. இரண்டாவதைப் படித்தார். மூன்றாவதில் கை நின்றுவிட்டது. "பக்கம் 22: தாய் வீட்டை விட்டுப் போகிறாள்." அவர் அட்டையில் எழுதியது, "பக்கம் 22: அம்மா வீட்டை விட்டுப் போகிறாள். அழுகை வரும். ஆனால் அந்தப் பெண் சமாளித்துக்கொள்வாள், நீயும்தான்." ஒன்பதும் அப்படியே. எல்லாம் இவருடைய பென்சில் வரிகள். சமாளித்துக்கொள்வாள், தேறிக்கொள்ளலாம், பொறுமையாகப் படி என்பவை மட்டும் காணாமல் போயிருந்தன.

"என்னாச்சு?" என்று கேட்டார் கணவர். வேலை முடிந்து வந்து புருவத்தில் மாவோடு உட்கார்ந்திருந்தார்.

"யாரும் காட்டிக் குடுக்கலைங்க. நானேதான் பக்கம் போட்டு எழுதிக் குடுத்திருக்கேன்."

"நீ நல்லதுக்குத்தானே எழுதின."

"நல்லதுக்கு எழுதினது எங்க போய் நிக்குது பாருங்க."

அவருக்கு அவமானமாக இருந்தது. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. இருபத்தேழு வருடமாகப் பிள்ளைகளுக்காக என்று எழுதியதெல்லாம் புத்தகங்களுக்கு எதிரான சாட்சியாக மாறிவிட்டது. மறுநாள் பார்ப்போம் சார் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு ஒரு யோசனை சொன்னார். அட்டைகளை எல்லாம் எடுத்துவிடலாம், இனிமேல் எழுதவும் வேண்டாம். "கார்டு இல்லைன்னா உள்ள என்ன இருக்குன்னு எவனுக்கும்மா தெரியப் போகுது? புத்தகமும் பிழைச்சுக்கும், நீங்களும் பிழைச்சுக்குவீங்க." யோசனையில் நியாயம் இருந்ததுதான் கொடுமை. அந்த வாரம் வந்த நான்கு புத்தகங்களையும் முழுசாம்மா வழக்கம்போல முழுசாகப் படித்தார், முத்திரை குத்தினார், அட்டை எழுதாமல் அலமாரியில் வைத்தார்.

இரட்டைப் பின்னல் சிறுமிதான் முதலில் கண்டுபிடித்தாள். பின்னட்டை உறைக்குள் இரண்டு விரலை விட்டுத் துழாவிப் பார்த்தாள். புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்து உதறினாள்.

"இதுல கார்டு இல்ல முழுசாம்மா."

"இல்ல கண்ணு."

"நீங்க இதைப் படிக்கலையா?"

"படிச்சேன்."

"அப்புறம் ஏன் எழுதல?"

முழுசாம்மாவின் கை கொண்டைப் பென்சிலைத் தொட்டுவிட்டு இறங்கியது. சிறுமி அந்தப் புத்தகத்தை வைத்துவிட்டு வேறு ஒன்றை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் இரும்பு பீரோவைத் திறந்து ஒன்பது புத்தகங்களில் முதலாவதை எடுத்தார். விசாரணையில் பேசுவதானால் மறுபடி முழுசாகப் படித்துவிட்டுத்தான் பேச வேண்டும், பிறருக்குச் சொன்னால் போதுமா, தாமும் செய்ய வேண்டாமா. ஒரு மதியத்துக்கு ஒன்று என்று போனது. ஆறாவது, மலைமேல் ஒரு சிறுவனும் அவன் வளர்க்கும் ஆட்டுக்குட்டியும் வருகிற கதை. ஒன்பது வருடத்துக்கு முன் படித்தது. மனுவில் அதற்கு எதிரே, "பக்கம் 63: தந்தை குடித்துவிட்டுச் சாமான்களை உடைக்கிறார்." அவருடைய அட்டையிலும் அறுபத்து மூன்றுதான். படித்துக்கொண்டே போனவர் முப்பத்தாறாம் பக்கத்தில் அந்தக் காட்சி வந்துவிட்டதைப் பார்த்தார். சந்தேகப்பட்டு அறுபத்து மூன்றைத் திறந்தார். ஆட்டுக்குட்டி கொடியில் காயும் சட்டையைத் தின்றுகொண்டிருந்தது. கூடவே படமும் இருந்தது.

எண்ணை மாற்றி எழுதியிருக்கிறார். ஆயிரக்கணக்கான அட்டைகளில் இதுவரை ஒரு தப்பு கண்டுபிடித்தவர் இல்லை, அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. முதலில் காதுமடல் சூடாகிற அளவுக்கு வெட்கம் வந்தது. சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு மனுவை மறுபடி எடுத்துப் பார்த்தார். அறுபத்து மூன்று. அப்புறம்தான் மெள்ளச் சிரித்தார். புத்தகத்தைப் பிரித்துப் பார்த்தவர் யாரும் இந்த எண்ணை எழுதியிருக்க முடியாது. ஆனால் அதைச் சொல்ல வேண்டுமானால், தப்பு எழுதியது நான் என்று சபை நடுவே முதலில் சொல்லியாக வேண்டும்.

விசாரணை மாடியில், நீள மேசையில் நடந்தது. குழுவில் ஐந்து பேர். தலைவர் ஓய்வு பெற்ற டாக்டரம்மா, கழுத்தில் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருப்பவர். மனு கொடுத்த சங்கத்தின் சார்பில் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் எழுந்தார். நாற்பது வயது இருக்கும். கத்துவார் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தார்கள்.

"எனக்குப் பேசத் தெரியாதுங்க. ஆணி, ஸ்குரு விக்கிறவன். என் பொண்ணு இங்கருந்து ஒரு புத்தகம் எடுத்துட்டு வந்தா. அதுல அம்மா வீட்டை விட்டுப் போயிடறாங்களாம். ரெண்டு நாள் சரியா சாப்பிடலைங்க அவ. பத்து வயசுக்கு எதுக்குங்க இந்தக் கஷ்டமெல்லாம்? வளர்ந்தா தானா தெரிஞ்சுக்கப் போறாங்க. அதான் இந்த மாதிரி இருக்கறதை எல்லாம் பாத்து எழுதிக் குடுத்தோம்."

முழுசாம்மாவுக்கு அவரைப் பிடித்துப்போனது. பிள்ளை சாப்பிடவில்லை என்று வருத்தப்படுகிற அப்பாவிடம் என்ன பகை. அந்தப் பெண் யார் என்பதும் தெரியும். இரட்டைப் பின்னல். அம்மா போகிற கதையை அவள் மூன்று தடவை எடுத்துப் போயிருக்கிறாள் என்பதும் தெரியும். அதைச் சொன்னால் அந்த இடத்திலேயே பாதி வழக்கு முடிந்துவிடும். சொல்லவில்லை. ஒரு பிள்ளை எதைப் படிக்கிறது, எத்தனை தடவை படிக்கிறது என்பது அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம், அப்பாவே கேட்டாலும் நூலகக்காரி வாய் திறக்கக் கூடாது என்று நினைப்பவர் அவர்.

தம் முறை வந்ததும் எழுந்து, ஆறாவது புத்தகத்தைக் கடைக்காரர் பக்கம் நீட்டினார். "சார், உங்க பட்டியல்ல அறுபத்து மூணாம் பக்கம்னு போட்டிருக்கு. அதைக் கொஞ்சம் சத்தமா வாசிச்சுக் காட்டறீங்களா? எல்லாரும் கேக்கட்டும்."

அவர் பக்கத்தைத் திறந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டார். "ஆட்டுக்குட்டி சட்டையின் ஒரு கையைத் தின்று முடித்தது. காலரை முகர்ந்து பார்த்தது. பொத்தான் அதற்குப் பிடிக்கவில்லை..." நிறுத்தினார். முன் பக்கத்தைப் புரட்டினார், பின் பக்கத்தைப் புரட்டினார். குழுவில் ஒருவர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

"அப்பா எங்கே?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"அப்பா இல்லைங்க. ஆடுதான் இருக்கு."

"அப்பா முப்பத்தாறாம் பக்கத்துல இருக்காரு," என்றார் முழுசாம்மா. "தப்பு என்னோடது. நான் பிள்ளைங்களுக்காக எழுதி வெச்ச அட்டையில முப்பத்தாறை அறுபத்து மூணுன்னு மாத்திப் போட்டுட்டேன். ஒன்பது வருஷமா அப்படியே இருந்திருக்கு. அந்த அட்டையைப் பாத்து எழுதினதால பட்டியல்லயும் அதே தப்பு வந்திருக்கு."

வழக்கமான கேள்வியை முழுசாம்மா இப்போது கேட்பார் என்று பார்ப்போம் சார் எதிர்பார்த்தார். அவர் கேட்கவில்லை. தம் தப்பைச் சொல்லிவிட்டு அடுத்தவர் தப்பைக் கேட்பது சரியில்லை என்று நினைத்தாரோ என்னவோ. டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். "முழுசா படிச்சீங்களா?"

"இல்லைங்க," என்றார் கடைக்காரர். அவர் பின்னால் உட்கார்ந்திருந்த சங்கத்துக்காரர்கள் தங்கள் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டாக்டரம்மா அத்தோடு விடவில்லை. தம் பக்கத்திலிருந்த நால்வரையும் பார்த்தார். நால்வரும் மேசையைப் பார்த்தார்கள். "நானும் படிக்கல," என்று சொல்லிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்கள். முழுசாம்மா கொஞ்சம் யோசித்தார். "அப்பா குடிச்சிட்டு சாமானை உடைக்கிற வீடு இந்த ஊர்லயும் இருக்குங்க. அந்த வீட்டுப் பிள்ளைங்களும் என் கிட்ட புத்தகம் எடுக்க வருதுங்க. தன் வீட்டுல மட்டும்தான் இப்படின்னு நினைச்சுட்டு, யார்கிட்டயும் சொல்லாம இருக்கும். முப்பத்தாறாம் பக்கம் வர்ற வரைக்கும்தாங்க அந்த நினைப்பு." உட்கார்ந்துவிட்டார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசி மாடியில் யாரும் கேட்டதில்லை. பார்ப்போம் சார் தம்மை மறந்து தலையை ஆட்டிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டார். அன்றைக்கு அந்தக் கட்டடத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தவர் முழுசாம்மா ஒருவர்தான் என்று பிறகு எல்லாரிடமும் சொன்னவரும் அவரே.

புத்தகங்களைக் குழு பங்கு போட்டு எடுத்துப் போனது. முழுசாகப் படிக்காமல் தீர்ப்பு இல்லை என்று முடிவு. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. அம்மா போகிற கதை மட்டும் பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் அலமாரிக்குப் போக வேண்டும் என்றார்கள். முழுசாம்மாவுக்கு அதில் மனக்குறைதான். இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு, "அந்த அலமாரி நாலடி தள்ளித்தானே இருக்கு. வேணுங்கறவங்க நடந்து போகட்டும்," என்று விட்டுவிட்டார். அட்டை எழுதாமல் விட்ட நான்கு புத்தகங்களையும் தேடியெடுத்து ஒரே காலையில் எழுதி முடித்தார். இரட்டைப் பின்னல் வந்ததும் அவள் அன்று வைத்துவிட்டுப் போன புத்தகத்தை எடுத்து, பின்னட்டையைத் திறந்து நீட்டினார்.

ஒரு சனிக்கிழமை ஹார்டுவேர் கடைக்காரர் தனியாக வந்தார். அம்மா போகிற கதை இருக்கிறதா என்று கேட்டார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து படித்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். மூன்றாவது சனிக்கிழமை முடித்துவிட்டுப் புத்தகத்தை மேசையில் வைத்தார்.

"எனக்கு இன்னும் பிடிக்கலைங்க. அந்த அம்மா திரும்பி வந்திருக்கணும். எழுதினவங்க வரவெச்சிருக்கலாம்."

"முழுசா படிச்சீங்களா தம்பி?"

"முழுசா படிச்சேங்க."

முழுசாம்மா ஒரு புது மஞ்சள் அட்டையை எடுத்து, கொண்டையிலிருந்து பென்சிலை உருவி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தார். "அப்போ பிடிக்கலைன்னு எழுதிக் குடுங்க. என்னோடதுக்குப் பக்கத்துல உங்களோடதையும் வெச்சுடறேன்." கடைக்காரர் வேர்த்து விறுவிறுத்து நான்கு வரி எழுதினார். "ஓர் அப்பாவின் கருத்து: இந்த முடிவு சரியில்லை" என்று தொடங்கும் அந்த அட்டை இப்போது அந்தப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு அப்படி என்னதான் முடிவு என்று தெரிந்துகொள்ளவே பிள்ளைகள் முறை வைத்துக் காத்திருக்கிறார்கள். கடைக்காரருக்கு இது தெரியுமா என்று தெரியவில்லை.

ஒன்பதாவதாக, எல்லாவற்றுக்கும் கடைசியாகத் திரும்பி வந்தது ஆட்டுக்குட்டிக் கதை. டாக்டரம்மாவே கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு தடவை படித்துவிட்டாராம். சாயங்காலம், பிள்ளைகள் எல்லாம் போனபிறகு, பார்ப்போம் சார் கீழே இறங்கி வந்தார். அண்மைக்காலமாக அடிக்கடி இறங்குகிறார். முழுசாம்மா அந்தப் புத்தகத்தின் பின்னட்டையைத் திறந்து அட்டையை உருவிக்கொண்டிருந்தார்.

"அந்த நம்பரை மட்டும் அப்படியே விட்டுடுங்கம்மா," என்றார் பார்ப்போம் சார், குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு இன்னொரு மனு வரும். அப்பவும் அறுபத்து மூணுன்னு எழுதிட்டு வந்து மாட்டிக்குவாங்க. அது இருக்கறவரைக்கும் இந்தப் புத்தகத்துக்குப் பயமே இல்ல."

"பிள்ளைங்க அறுபத்து மூணு வரைக்கும் ஒண்ணும் இல்லைன்னு நம்பிப் படிச்சுட்டு வரும் சார். முப்பத்தாறுல திடுக்குனு மாட்டிக்கும்."

இழுப்பறையைத் திறந்தார். டப்பாவிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து, நடுவில் கொஞ்சம் கிள்ளி, விரல் நுனியில் உருட்டினார். அட்டையில் அறுபத்து மூன்றின் மேல் வைத்து மெள்ளத் தேய்த்தார். எண் மங்கி மறைந்தது. பொடியை ஊதிவிட்டு, கொண்டையிலிருந்து பென்சிலை எடுத்து, புத்தகத்தைத் திறந்து ஒருமுறை சரிபார்த்துக்கொண்டு, அந்த இடத்தில் 36 என்று அழுத்தி எழுதினார்.